பரிசனவேதியும் ரசவாதக் கல்லும்: ஹாரி பாட்டர் முதல் நாவலும் நெகிரி செம்பிலான் தமிழ் வகுப்பறையும்

முன்னுரை

பிரித்தானிய எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங் சிறுவர்க்கென எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நாவல் 1997-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் புளூம்ஸ்பரி பதிப்பகத்தின்வழி வெளிவந்தது. முதற்பதிப்பில் கெட்டி அட்டையிட்டு அச்சான படிகள் 500 மட்டுமே. பத்தாண்டுகளுக்குள், 2007-இல், ஏழாம் நாவலோடு வரிசை நிறைவெய்தியபோது அது உலகின் பெருவாசிப்பு நிகழ்வுகளுள் ஒன்றாகியிருந்தது. 2001-இல் வெளிவந்த திரைப்படம், நூலை அறியாதாரிடத்தும் கதையைக் கொண்டு சேர்த்தது. மலாய்மொழியில் இந்நாவலுக்கு மொழிபெயர்ப்பு உண்டு. தமிழில் இதனைப் பி.எஸ்.வி. குமாரசாமி மொழிபெயர்க்க, இந்தியாவின் மஞ்சுள் பதிப்பகம் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' எனும் தலைப்பில் வெளியிட்டுள்ளது.

சிரம்பான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் மாணவர் பலர் ஹாரியைத் திரையில் அறிவர். சிலர் ஆங்கில நூலையும் புரட்டியிருப்பர். ஆயினும், இக்கதை தமிழ் வகுப்பறைக்கு உரியதன்று என்னும் எண்ணம் ஆசிரியரிடையே பரவலாக உள்ளது. அயல்நாட்டுக் கற்பனை என்பது ஒரு காரணம். மாயமந்திரக் கதை என்பது மற்றொன்று. இவ்விரு காரணங்களையும் இக்கட்டுரையில் சீர்தூக்கிப் பார்க்க விழைகிறோம். இந்நாவலின் மையப்பொருளாகிய கல், திருமூலரும் தாயுமானவரும் நன்கறிந்த பொருளே. ஆதலின், இந்நூலை ஆங்கில ஆசிரியரினும் ஆழமாகக் கற்பிப்பதற்குரிய கருவிகள் தமிழாசிரியரின் கையிலேயே உள்ளன என்பது நம் கருத்து.

கதைச் சுருக்கம்

குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த ஹாரி, தாயின் தமக்கையான பெட்டூனியாவின் வீட்டில், மாடிப்படியின் கீழுள்ள சிறு அலமாரி அறையில் வளர்கிறான். பதினொன்றாம் பிறந்தநாளையொட்டி அவனுக்கு ஹாக்வர்ட்ஸ் எனும் மந்திரவாதப் பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது. தன் பெற்றோர் மந்திரவாதிகள் என்பதும், வோல்டெமார்ட் எனும் கொடியோன் அவர்களைக் கொன்றான் என்பதும், தாய் தன் உயிரைக் கொடுத்துத் தன்னைக் காத்தாள் என்பதும் அவனுக்குத் தெரியவருகின்றன. பள்ளியில் ரான், ஹெர்மையனி ஆகிய இருவர் நண்பராகின்றனர். அப்பள்ளியில் ஒரு கல் மறைத்து வைக்கப்பட்டுள்ளது. அது எவ்வுலோகத்தையும் பொன்னாக்கும். அதிலிருந்து பெறும் அமுதம் சாவைத் தள்ளிப்போடும். உடலிழந்து கிடக்கும் வோல்டெமார்ட், க்விரல் எனும் ஆசிரியனின் உடலில் ஒண்டிக்கொண்டு அக்கல்லைக் கவர முயல்கிறான். மூவரும் அதனைத் தடுப்பதே கதை.

பதினோராம் அகவையும் பள்ளி வாசலும்

விடுதிப்பள்ளிக் கதை என்பது ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் நீண்ட மரபுடைய ஒரு வகை. தாமஸ் ஹியூஸ் 1857-இல் எழுதிய 'டாம் பிரவுனின் பள்ளி நாள்கள்' அதன் முன்னோடி. இனிட் பிளைட்டனின் 'மேலரி டவர்ஸ்' நூல்கள் அதனை இருபதாம் நூற்றாண்டுச் சிறுமியர்க்குக் கொண்டுவந்தன. மாணவர் இல்லங்கள், இல்லங்களுக்கிடையிலான போட்டி, உணவுக்கூடம், விளையாட்டுத் திடல், கண்டிப்பான ஆசிரியர் என அவ்வகையின் உறுப்புகள் யாவும் ஹாக்வர்ட்ஸில் உள்ளன. ரௌலிங் அவற்றோடு மாயக்கதையைப் பிணைத்தார்.

இம்மரபு தோட்டப்புறத் தமிழர்க்கு முற்றிலும் அயலானதன்று. ஆனால் நாம் அதனைக் கண்டது மறுபக்கத்திலிருந்து. மலாயாத் தோட்டங்களை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமாரில் பலர் அத்தகைய ஆங்கிலப் பள்ளிகளின் விளைச்சலே. லாபு, ரந்தாவ், சிலியாவ் வட்டாரங்களில் மேட்டு நிலத்தில் துரை பங்களாவும் தாழ்விடத்தில் லயங்களும் இருந்த காலத்தில், லயத்துப் பிள்ளைகட்கு வாய்த்த பள்ளி பெரும்பாலும் ஓரறைக் கொட்டகையே. ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தாக வேண்டும் என 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தது. கங்காணியோ கிராணியோ எழுத்தறிந்த ஒரு தொழிலாளியோ ஆசிரியராய் அமர்ந்த பள்ளிகள் பல. மாடிப்படியின் கீழ் வளரும் ஹாரியை நம் மாணவன் இரக்கத்தோடு நோக்கும்போது, அவ்விரக்கத்தின் பின்னே அவன் பாட்டன் பாட்டியின் வரலாறும் உண்டு என்பதனை ஆசிரியர் நினைவிற்கொள்ளல் தகும்.

இன்று நீலாய், சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் எனப் புதுக்குடியிருப்புகள் எழுந்துள்ள நிலத்தின் பெரும்பகுதி முன்பு ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம். தோட்டம் மறைந்தும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இம்மாநிலத்தில் உள்ளன. ஏறத்தாழ அறுபது தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட நெகிரி செம்பிலானில், பள்ளிதான் தோட்டத்தின் எஞ்சிய நினைவு எனலாம்.

இப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவனுக்கு வயது பன்னிரண்டு. ஹாரி ஹாக்வர்ட்ஸுக்குச் செல்லும் வயதிற்கும் அதற்கும் இடைவெளி ஓராண்டே. ஆனால் இருவரும் கடக்கும் வாசல்கள் எதிரெதிரானவை. ஹாரி, தன்னை ஒதுக்கிய வீட்டிலிருந்து தன் பெயரை அறிந்த பள்ளிக்குச் செல்கிறான். பெற்றோரின் மொழியும் உலகும் அங்கேதான் அவனுக்குக் கிடைக்கின்றன. தமிழ்ப்பள்ளி மாணவனோ, தாய்மொழியே பயிற்றுமொழியாய் இருந்த பள்ளியை விட்டு மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான். மலாய்மொழியில் வேண்டிய தேர்ச்சி எய்தாதோர் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்த பின்னரே முதலாம் படிவம் ஏறுகின்றனர். இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டும் நிற்கிறது; அதற்கும் பதினைந்து மாணவரின் பெற்றோர் வேண்டுகோள் விடுத்தல் வேண்டும் என்பது கல்விச் சட்டம் வகுத்த வரையறை.

ஆக, ஐந்தாம் ஆறாம் ஆண்டுகள் தமிழாசிரியர்க்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. இன்பத்திற்காகத் தமிழில் ஒரு நெடுங்கதையை முழுமையாகப் படித்த நினைவு இவ்வயதில் வாய்க்காத மாணவனுக்கு, தமிழ் என்பது பயிற்றியோடும் கருத்துணர்தல் வினாக்களோடும் முடிந்துபோகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டதனால் ஆறாம் ஆண்டில் வாசிப்புக்குச் சற்று இடம் கிடைத்துள்ளது. அவ்விடத்தை எந்நூலால் நிரப்புவது என்பதே இன்றைய வினா.

கல்லின் பெயர்

நூலின் ஆங்கிலத் தலைப்பில் உள்ள தொடருக்கு 'மெய்ஞ்ஞானியின் கல்' என்பது நேர்ப்பொருள். ஐரோப்பிய ரசவாத மரபில் தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் பொருளுக்கு அதுவே பெயர். அமெரிக்கப் பதிப்பாளர், மெய்யியலை நினைவூட்டும் சொல் சிறுவரைக் கவராது எனக் கருதி, 1998-இல் 'மந்திரவாதியின் கல்' எனப் பொருள்படும் தலைப்பைச் சூட்டினர். தலைப்பு எளிதாயிற்று, கல்லின் பின்னிருந்த பல நூற்றாண்டு வரலாறு மறைந்தது.

பிறமொழிகள் தத்தம் மரபிலிருந்து பெயர் எடுத்தன. மலாய்மொழிபெயர்ப்பு 'பத்து ஹிக்மாட்' என்றது. ஹிக்மாட் என்பது அரபுமொழிவழி வந்த சொல்; மெய்யறிவு, மாய ஆற்றல் என்னும் இரு பொருளையும் ஒருங்கே தரவல்லது. ஒரு வகையில் மூலத்தின் இருபொருளையும் தாங்கிநிற்கும் சொல் அது. இந்திமொழிபெயர்ப்பு 'பாரஸ் பத்தர்' என்றது. தொடுதல் எனும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்தது பாரஸ். இரும்பைத் தொட்டுப் பொன்னாக்கும் கல் அது.

தமிழ்மொழிபெயர்ப்பு 'ரசவாதக் கல்' எனும் பெயரைத் தேர்ந்தது. ரசம் என்பது பாதரசம். சித்தர் மரபில் பாதரசத்தைக் கட்டுதலும், வேதித்துப் பொன்னாக்குதலும், உடலை நிலைபெறச் செய்யும் காயகற்பம் காணலும் ஒரே கலையின் கிளைகள். நாவலில் வரும் கல்லும் பொன், நீள்வாழ்வு எனும் இவ்விரண்டையுமே தருகிறது. எனவே இப்பெயர் வெறும் சொற்பெயர்ப்பன்று, பொருத்தமான மரபுப்பெயர்ப்பு. இதனை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர் போகரையும் பழநி நவபாடாணத் திருமேனி பற்றிய மரபுச் செய்தியையும் உடன் கூறலாம். நாவலில் அக்கல்லைச் செய்தவராகக் கூறப்படும் நிக்கோலஸ் பிளமேல், 1418-இல் மறைந்த பாரிஸ் நகரத்து எழுத்தராய் உண்மையில் வாழ்ந்தவர். 1407-இல் அவர் கட்டுவித்த வீடு இன்றும் அந்நகரில் நிற்கிறது. அவரை ரசவாதியாக்கிய நூல்களோ அவர் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்தே தோன்றின. சித்தர் பெயரால் வழங்கும் நூல்கள் பலவும் மொழிநடையால் பிற்காலத்தன என அறிஞர் கருதுவதனை இதனோடு ஒப்பிடலாம்.

தமிழில் இக்கல்லுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது பரிசனவேதி. பரிசனம் என்பது தொடுகை. வேதி என்பது தன்மையை மாற்றுவது. திருமந்திரத்தில் திருமூலர் இச்சொல்லை ஆள்கிறார். ஆனால் அவர் பேசுவது பொன்னைப் பற்றியன்று. பரிசனவேதி தொட்டது பொன்னாதல்போல், குருவின் தொடர்பு பெற்றோர் சிவகதி எய்துவர் என்பதே அவர் கூறவந்த பொருள். ரசவாதியின் கல்லை எடுத்து ஆசானுக்கு உவமையாக்கியது தமிழ் மரபு.

கதையின் முடிவை இப்பெயரோடு பொருத்திப் பார்க்கையில் புதியதொரு பொருள் புலனாகிறது. க்விரல் ஹாரியைப் பற்றிக் கொல்ல முற்படும்போது, ஹாரியின் மேனியைத் தொட்ட அவன் கைகள் வெந்து கொப்புளிக்கின்றன. மகனுக்காக உயிர்துறந்த தாயின் அன்பு அவன் தோலிலேயே காப்பாய்ப் பதிந்திருக்கிறது என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் பின்னர் விளக்குகிறார். எல்லாரும் தேடிய கல் ஹாரியின் சட்டைப்பையில் கிடக்கிறது. அவனைக் காத்ததோ அக்கல்லன்று, தொடுகை. நாவலின் மெய்யான பரிசனவேதி தாயன்பே என நாம் வாசிக்கலாம். இவ்வாசிப்பை ஆங்கிலத் தலைப்பு தருவதில்லை. தமிழ்ச் சொல் தருகிறது.

அவாவும் கண்ணாடியும்

கல் வெறும் பூட்டுகளால் மட்டும் காக்கப்படவில்லை; இறுதிக் காவல் ஒரு மாயக்கண்ணாடி. நோக்குவோரின் ஆழ்மன விருப்பத்தை அது காட்டும். அதில் ஹாரி, இறந்த தன் பெற்றோரையும் சுற்றத்தாரையும் காண்கிறான். வறுமையில் ஐந்து தமையன்மார்க்குப் பின் பிறந்த ரான், எல்லாரினும் மேம்பட்டவனாய்த் தன்னைக் காண்கிறான். முழு மகிழ்வுடைய ஒருவன் அதனை நோக்கினால், உள்ளவாறே தன்னைக் காண்பான் என்கிறார் டம்பிள்டோர். கல்லைக் கண்டடைய விரும்பி, ஆனால் பயன்படுத்த விரும்பாதவனுக்கு மட்டுமே கண்ணாடி கல்லைத் தரும் என்பது அவர் வைத்த பொறி.

இவ்விடத்தில் தாயுமானவரை நினையாதிருத்தல் இயலாது. பரிபூரணானந்தம் எனும் பகுதியில் ஆசைக்கு எல்லையில்லை என்பதனை நிறுவ அவர் காட்டும் சான்றுகளுள் இரண்டு, பொருள் நிறைந்திருந்தும் ரசவாதத்திற்கு அலைவோரும், நெடுநாள் வாழ்ந்தும் காயகற்பம் தேடி வருந்துவோரும் ஆவர். பொன்னும் நீள்வாழ்வும்! மனிதர் பெரும்பாலோர் எதனையும்விட விரும்பித் தேர்வன இவ்விரண்டே என்றும், தமக்குத் தீங்கானவற்றையே தேர்வது மனிதர் இயல்பு என்றும் டம்பிள்டோரும் ஹாரியிடம் கூறுகிறார். ஒருவரை மற்றவர் அறிந்தார் என்பது நம் வாதமன்று. ரசவாதம் எனும் கலையின் உள்ளிருந்தே இச்சிந்தனை இரு நிலங்களிலும் முளைத்திருக்கிறது.

கண்ணாடியின் பெயர் மொழியாசிரியர்க்கு மற்றுமொரு விருந்து. விருப்பம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லான 'டிசையர்' என்பதன் எழுத்துகளைப் பின்னிருந்து அடுக்கினால் கிடைக்கும் 'எரிசெட்' என்பதே அப்பெயர். தமிழில் இதனைச் செய்ய முற்பட்டால் மொழியிலக்கணம் குறுக்கே நிற்கும். 'விருப்பம்' என்பதனைத் திருப்பினால் சொல் மெய்யெழுத்தில் தொடங்கும். மெய் மொழிமுதல் வாராது. 'வேட்கை' என்பதனைத் திருப்பினால் டகர மெய்யின்பின் வகரம் வரும். அம்மயக்கம் இலக்கணத்திற்கு ஒவ்வாது. 'ஆசை' என்பதனைத் திருப்பினால் ஐகார உயிர்மெய்யின்பின் 'ஆ' எனும் உயிர் தனித்து நிற்கும், அதற்கும் இடமில்லை. ஆனால் 'அவா' என்பதனைத் திருப்பிப் பாருங்கள்: 'வாஅ' எனக் கிடைக்கிறது. உயிரளபெடையாய்ச் செய்யுளில் இசைந்து நிற்கும் வடிவம் அது. வருக என அழைக்கும் ஏவலுமாகிறது. அவாவைத் தலைகீழாக்கினால் நம்மை உள்ளே அழைக்கும் குரல் கேட்கிறது! அவாவறுத்தல் எனும் திருக்குறள் 37-ஆம் அதிகாரத்தைக் கற்பிக்கும் நாளில், மொழிமுதல் எழுத்து, மெய்ம்மயக்கம், அளபெடை ஆகிய மூன்றையும் மாணவர் தாமே சோதித்து உணர இவ்விளையாட்டு ஒன்றே போதும். தொடக்கப்பள்ளியில் விளையாட்டாகவும், இடைநிலைப்பள்ளியில் இலக்கணமாகவும் இதனைக் கையாளலாம்.

மந்திரமும் ஒலிப்பும்

மாயமந்திரக் கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்னும் மறுப்பைப் புறந்தள்ளல் ஆகாது. 1929-இலும் 1954-இலும் பெரியார் மலாயாவுக்கு வருகை புரிந்தார். சீர்திருத்த இயக்கம் இங்கு ஊன்றிய பகுத்தறிவு நோக்கு தமிழாசிரியர் மரபில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. பேயோட்டலும் தாயத்தும் தோட்ட மக்களின் கூலியைத் தின்ற காலத்தில் அந்நோக்கு பெருந்தொண்டு ஆற்றியது.

ஆனால் இந்நாவலில் மந்திரம் அருளால் வருவதன்று, கல்வியால் வருவது. அதற்குப் பாடநூல் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, ஆண்டிறுதித் தேர்வும் உண்டு. ஹெர்மையனி மந்திரவாதக் குடும்பத்தில் பிறந்தவள் அல்லள்; படிப்பினால் வகுப்பில் முதல்வியாகிறாள். கல்லைக் காக்கும் தடைகளுள் ஒன்றை அவள் வெல்வதும் மந்திரக்கோலால் அன்று, தருக்க அறிவால். பெரிய மந்திரவாதிகள் பலர்க்குத் தருக்கம் துளியும் இல்லை என்று அவளே கூறுகிறாள். பிறப்பால் மேன்மை பேசும் மால்ஃபாயை நாவல் எவ்விடத்தும் உயர்த்திப் பேசவில்லை. பகுத்தறிவாளர் இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

தமிழாசிரியர் மகிழ்தற்கோ ஒரு காட்சி உண்டு. இறகொன்றை மேலெழச் செய்யும் மந்திரத்தை ரான் பலமுறை கூறியும் இறகு அசையவில்லை. அவன் ஒலிப்பைத் திருத்தும் ஹெர்மையனி, 'விங்கார்டியம்' என்பதில் நடுவிலுள்ள 'கா' நன்கு நீள வேண்டும் என்கிறாள். குறிலாய் ஒலித்தால் மந்திரம் பலியாது. நெடிலாய் ஒலித்தால் இறகு எழும். பின்னர் அம்மந்திரமே அவள் உயிரைக் காக்கிறது. சொல்லாற்றல் நிறைந்தோர் ஆணையிட்டுக் கூறும் மறைபொருட் சொல்லை மந்திரம் எனத் தொல்காப்பியச் செய்யுளியல் வரையறுப்பதனை இங்கு நினைவுகூரலாம்.

குறில் நெடில் வேறுபாடும் லகர ளகர ழகர வேறுபாடும் நம் மாணவர் நாவில் தேய்ந்துவருவதனை அறிவோம். 'கல்' நீண்டால் 'கால்'. லகரம் பிறழ்ந்தால் 'கள்'. ரசவாதக் கல்லை ஒரு மாணவன் ரசவாதக் கள்ளாக வாசித்துவிட்டால் வகுப்பு சிரிக்கும். தோட்டத்துக் கள்ளுக்கடை, கூலிப்பணத்தை ஆவியாக்கிய வேறொரு ரசவாதம் என்பதனை அறிந்த மூத்தோரோ அவ்வளவு எளிதில் சிரிக்கமாட்டார். திருத்தமான ஒலிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இக்காட்சியைவிட உகந்த விளக்கத்தைச் சிறுவர்க்குக் கூறல் அரிது.

வகுப்பறைப் பயன்பாடு

மேற்கூறியவற்றை நடைமுறைப்படுத்தச் சில வழிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, நூல் முழுவதையும் பாடமாக்க வேண்டா. நாவலில் 17 அத்தியாயங்கள் உள்ளன. வாரம் ஒன்றென ஆசிரியர் உரத்து வாசித்தால் இரு பருவங்களுக்குள் முடிந்துவிடும். வாசிப்பின் இடையில் வினாத்தாள் வேண்டா. வினாத்தாள் வந்த கணமே அது மற்றொரு கருத்துணர்தல் பகுதியாகிவிடும்.

இரண்டாவது, செய்யுளும் மொழியணியும் பகுதியில் இடம்பெறும் திருக்குறள், மூதுரை முதலியவற்றைக் கதையின்மேல் நீதியாய்ச் சுமத்தாமல், கதைமாந்தர் வாயிலாக மாணவரே பொருத்திக் காணுமாறு விடுதல் நன்று.

மூன்றாவது, இதனைத் தமிழ் மாயக்கதை மரபோடு அருகருகே வைத்தல் வேண்டும். விக்கிரமாதித்தன் கதை, 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா, வாண்டுமாமாவின் கதைகள் ஆகியவற்றை வாசித்த தலைமுறை ஒன்று இந்நாட்டிலும் இருந்தது. அம்மரபில் வீரன் பெரும்பாலும் அரசன் அல்லது அரசகுமாரன்; ஹாரியோ பள்ளி மாணவன். இவ்வேறுபாட்டை மாணவரே கண்டு கூறுவர்.

நான்காவது, எழுத்துப் பயிற்சியாக, தம் வட்டாரத்தையே களமாகக் கொண்டு ஒரு மாயப்பள்ளியைப் படைக்குமாறு பணிக்கலாம். பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோப்பிலும் கோயில் மரத்தடியிலும் வழங்கும் கதைகள் முதியோரிடம் உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதும் மாணவன் வாய்மொழி வழக்காற்றையும் பதிவுசெய்தவனாகிறான்.

முடிவுரை

அயல்நூல் ஒன்றைத் தமிழ் வகுப்பறைக்குக் கொணர்வதனால் தமிழ் குன்றாது. நாம் கண்டவாறு, இந்நாவலின் கல்லுக்குத் தமிழில் பெயர் இருந்தது; அக்கல்லின்மேல் எழும் ஆசை பற்றிய சிந்தனை இருந்தது; கல்லினும் மேலானது ஆசானின் தொடுகை என்னும் தெளிவும் இருந்தது. இவற்றை மாணவன் ஹாரியின்வழி அறிந்து, பின்னர்த் தாயுமானவரிடம் வந்து சேர்வானாயின் அஃது ஊதியமே.

ஆறாம் ஆண்டின் முடிவில் நெகிரி செம்பிலானின் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வெளியேறும் மாணவர்க்கு ஹாக்வர்ட்ஸிலிருந்து கடிதம் வரப்போவதில்லை. வேறுமொழி வகுப்பறை ஒன்று அவர்களுக்காகக் காத்திருக்கிறது. அங்குச் செல்லுமுன், விரும்பிப் படித்த தமிழ் நூல் ஒன்றையேனும் அவர்கள் கையில் கொடுத்தனுப்புவது தமிழாசிரியரின் கடன். அந்நூல் இந்நாவலாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்நாவலாக இருப்பதற்குத் தடையும் இல்லை.